பிரெயாணியில் கல், கோர்ட்டில் கேஸ்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாண விருந்து. நாலாவது வாயில் பெரியப்பா மெல்லுவதை நிறுத்தினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளங்கையில் துப்பிய சோற்றை விரலால் விலக்கிப் பார்த்தால், மிளகு அளவில் ஒரு கறுப்புக் கல். பக்கத்தில் அவருடைய கடைவாய்ப் பல்லில் பாதி.

டர்பன் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பிரியாணியைப் பிரெயாணி என்பார்கள், அதில் கறுப்பு மசூர் பருப்பு போடுவார்கள். அப்புறம் தனியாக டால், மோர் மாதிரி புளித்த பால், கேரட் சம்பல். நான் தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் "பிரியாணியில பருப்பா?" என்று முகம் சுளித்தவள்தான். இப்போது ஊருக்குப் போனால் அந்தப் பருப்பைத்தான் தேடுகிறேன். என்ன, அந்த மசூருக்குள் ஒரு கல் கிடந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

என் நாத்தனார் மகள் அமெரிக்காவின் அட்லாண்டாவிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்தாள். "தாத்தா, கல்லையும் பல்லையும் பத்திரமா வைங்க. கேட்டரிங்காரர் மேல கேஸ் போடணும்" என்றாள். இதை அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். இங்கே எங்கள் வீடுகளில் பாதிப் பேச்சு ஆங்கிலம்தான். பெரியப்பா பதறிவிட்டார். "சும்மா இரு பாப்பா. பொண்ணு வீட்டுச் சாப்பாடு. காதுல விழுந்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?" பல்லைக் காகித நாப்கினில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாயாசத்துக்குப் பல் எதற்கு என்று இரண்டு கப் குடித்தார்.

அன்று ராத்திரி வீட்டில் இதே பேச்சு. நான் வக்கீல் இல்லை. ஆனால் டர்பனில் ஒரு அட்டர்னி அலுவலகத்தில் பத்து வருஷம் கோப்பு அடுக்கியவள். அதனால் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சாப்பாட்டு வழக்கு எந்த நாட்டில் வந்தாலும் நீதிபதி கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறவர் எதை எதிர்பார்க்கலாம்? தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதையே அளவுகோலாக வைத்திருக்கிறது. பொதுவாக மக்கள் நியாயமாக எதிர்பார்க்கும் அளவுக்கு ஒரு பொருள் பாதுகாப்பாக இல்லையென்றால் அது குறையுள்ள பொருள். அதனால் காயமோ நோயோ வந்தால், தயாரித்தவர், இறக்குமதி செய்தவர், விநியோகித்தவர், விற்றவர் எல்லாரும் பொறுப்பு. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. 2011-இல் இது நடைமுறைக்கு வருமுன் அதையும் நாமே நிரூபிக்க வேண்டும். சாப்பிட்டவருக்கு எப்படித் தெரியும், சமையல்கட்டில் யார் எங்கே அசந்தார்கள் என்று?

சரி, "பொதுவாக மக்கள்" என்றால் எந்த மக்கள்? சுவாரஸ்யம் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1964-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. பாஸ்டனில் ஒரு தேநீர் விடுதி. ஒரு பெண்மணி மீன் சௌடர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நம் பாஷையில் சொன்னால் பால் ஊற்றிய மீன், உருளைக்கிழங்குக் கெட்டிச் சூப். முள் தொண்டையில் மாட்டி மருத்துவமனை வரை போனது. வழக்குப் போட்டார், தோற்றார். நீதிபதி பழைய சமையல் குறிப்புகளையெல்லாம் எடுத்துப் போட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்திலிருந்தே சௌடரில் மீன் துண்டு துண்டாகத்தான் கிடக்கும், முள் இருக்கத்தான் செய்யும், அந்தப் பெண்மணியோ அதே வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர், அவருக்குத் தெரியாதா என்பது தீர்ப்பின் சாரம். ஒரு ஊரின் சமையல் பழக்கமே அங்கே சாட்சி சொன்ன மாதிரி.

இன்னொன்று ரொம்பச் சமீபத்தியது. ஒஹாயோ மாநிலத்தில் ஒருவர் "எலும்பில்லாத சிக்கன் விங்ஸ்" வாங்கிச் சாப்பிட்டார். அதில் இருந்த எலும்பு உணவுக் குழாயைக் கிழித்துவிட்டது. 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எலும்பில்லாத என்பது சமைக்கும் பாணியின் பெயராம். எலும்பே இருக்காது என்ற உத்தரவாதம் இல்லையாம். கோழிக்கு எலும்பு உண்டு என்று எல்லாருக்கும் தெரியுமாம். என்னைக் கேட்டால் அந்த மூன்று பேர் பக்கம்தான் நியாயம். எலும்பில்லாதது என்று போர்டு வைத்துவிட்டு எலும்பு போட்டால், நம்மூர்க் கடைக்காரரே அசடு வழிவார்.

இதை நம் தட்டுக்குக் கொண்டு வந்து பாருங்கள். மட்டன் பன்னி சௌ வாங்குகிறோம். கால் ரொட்டியைக் குடைந்து அதற்குள் கறிக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். எலும்பு இருக்கும்; எலும்பு இல்லாவிட்டால்தான் "என்னப்பா, கறியா இது?" என்று சண்டை வரும். முழு ஏலக்காய் கடிபடும், பட்டைத் துண்டு வரும், காரம் காதைப் பிடுங்கும். டர்பன்காரர் யாரும் இதைக் குறையென்று சொல்ல மாட்டார். கேப் டவுனிலிருந்து முதல்முறை வந்தவருக்கு ஏலக்காய் கடிபட்டால் பூச்சியோ என்று நினைக்கக்கூடும். அவருடைய பதற்றம் உண்மை. ஆனால் டர்பன் கடையில் பன்னி சௌ சாப்பிடுகிறவருடைய நியாயமான எதிர்பார்ப்பு அதுவாக இருக்காது. ஜப்பானில் புத்தாண்டுக்கு ஒட்டும் அரிசியை வேகவைத்து இடித்துச் செய்யும் மோச்சி தொண்டையில் அடைத்து வருஷா வருஷம் வயதானவர்கள் இறக்கிறார்கள். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுங்கள் என்று தீயணைப்புத் துறை எச்சரிக்கிறது. அதோடு மோச்சி விற்பனை தொடர்கிறது.

அப்படியென்றால் மசூரில் கல்? இதில் எனக்கே கொஞ்சம் தடுமாற்றம் உண்டு. எங்கள் ஆச்சி பருப்பைச் சுளகில் போட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கல் பொறுக்காமல் உலையில் போட்டதே கிடையாது. பருப்பு என்றால் கல் இருக்கும், பொறுக்குவது சமைப்பவள் வேலை. அன்றைக்குக் கல் கடிபட்டால் திட்டு விழுந்தது மருமகளுக்கு. செட்டியார் கடைக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்குப் பருப்பு பாக்கெட்டில் வருகிறது, சுத்தம் செய்தது என்று மேலே அச்சடித்திருக்கிறது. சுளகு வீட்டில் இல்லவே இல்லை. எதிர்பார்ப்பு சமையல்கட்டிலிருந்து ஆலைக்கு இடம் மாறிவிட்டது. கூடவே பொறுப்பும். ஆகவே பெரியப்பா கேஸ் பலமானதுதான் என்று சொன்னேன். கேட்டரிங்காரர் பணம் வாங்கிக்கொண்டு சமைத்தவர். பில் கட்டியது பெண் வீடு என்றாலும் சாப்பிட்ட விருந்தாளிக்கும் சட்டத்தில் இடமுண்டு. கேட்டரிங்காரர் வேண்டுமானால் அப்புறம் பருப்பு விற்றவரைப் பிடித்துக்கொள்ளட்டும். இதுவே கோயிலில் மாரியம்மன் கூழுக்குப் பெண்கள் கூடிச் சமைத்ததாக இருந்தால் கதை வேறு. அது வியாபாரம் இல்லை, அந்தச் சட்டம் அங்கே எட்டாது, கவனக்குறைவை நாமே நிரூபிக்க வேண்டும். அதைவிட, அம்மன் கூழுக்குக் கேஸ் போட்டவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த்தில் யார் குடியிருக்க முடியும்?

"சட்டம் பலமா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றாள் அட்லாண்டாக்காரி. பெரியப்பா அவளை ஏதோ கொள்ளைக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அமெரிக்காவுல காபி கொட்டினாக்கூடக் கோடிக் கணக்குல கறப்பாங்க" என்றார்.

அந்தக் காபிக் கதையை எல்லாரும் சிரிப்புக்காகச் சொல்கிறார்கள். நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வராது. 1992 பிப்ரவரி, நியூ மெக்சிகோ மாநிலம், ஆல்புகர்க்கி. ஸ்டெல்லா லீபெக் என்ற 79 வயது மூதாட்டி மெக்டொனால்ட்ஸில் 49 சென்ட் கொடுத்துக் காபி வாங்கினார். பேரன்தான் காரை ஓட்டி வந்தான். நின்ற காரில் உட்கார்ந்து, கோப்பையை முழங்கால்களுக்கு நடுவே வைத்து மூடியைத் திறந்தபோது காபி மடியில் கொட்டியது. காபியின் சூடு 80 டிகிரி செல்சியஸுக்கு மேல். தொடையிலும் இடுப்புப் பகுதியிலும் மூன்றாம் நிலைத் தீக்காயம், எட்டு நாள் மருத்துவமனை, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். அவர் முதலில் கேட்டது 20,000 டாலர், பெரும்பாலும் மருத்துவச் செலவுக்காக. நிறுவனம் தர முன்வந்தது 800 டாலர். அதற்கு முன் பத்து வருஷத்தில் இதேபோல் சுட்டுக்கொண்டவர்களின் புகார்கள் 700-க்கு மேல் அந்த நிறுவனத்திடம் இருந்தன என்பது விசாரணையில் வெளியே வந்தது. 1994-இல் ஜூரி, மூதாட்டி மீதும் 20 சதவீதத் தவறு உண்டு என்று கழித்து 160,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அதோடு நிறுவனத்துக்குப் பாடம் புகட்ட 27 லட்சம் டாலர். நிறுவனத்தின் இரண்டு நாள் காபி விற்பனை. நீதிபதி அதை 480,000 ஆகக் குறைத்தார். கடைசியில் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்கு முடித்துக்கொண்டார்கள். ஊர் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது "காபி கொட்டிக் கோடீஸ்வரி ஆன கிழவி" என்ற ஒற்றை வரிதான்.

அமெரிக்கர்களுக்கு வழக்கு ஆசை ரத்தத்திலேயே ஊறியது என்று நான் நம்பவில்லை. அந்தக் கதையிலேயே காரணங்கள் இருக்கின்றன. அங்கே மருத்துவமனை பில் ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிடும். யாரிடமாவது வாங்கியாக வேண்டும். வக்கீலுக்கு முன்பணம் தேவையில்லை, ஜெயித்தால் கிடைப்பதில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று. தோற்றாலும் எதிராளியின் வக்கீல் செலவு நம் தலையில் பொதுவாக விழாது. அவரவர் செலவு அவரவருக்கு. முடிவு சொல்வது நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் உட்கார்ந்த ஜூரி. தண்டனையாகக் கூடுதல் பணமும் கிடைக்கலாம். இப்படி வாசலைத் திறந்து வைத்தால் உள்ளே போகத்தான் செய்வார்கள்.

தென்னாப்பிரிக்காவில் அந்த வாசல்களில் பாதி சாத்தியிருக்கிறது. தோற்றவர் வழக்கமாக ஜெயித்தவரின் செலவில் பெரும்பங்கைக் கட்ட வேண்டும். ஜூரி முறையை 1969-லேயே ஒழித்துவிட்டார்கள். பாடம் புகட்டும் தொகை என்று எதுவும் வழக்கத்தில் இல்லை. பட்ட நஷ்டத்துக்கு ஈடு, அவ்வளவுதான். ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்ற ஏற்பாடு 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. ஆனால் வக்கீல் எடுக்கும் தொகை கிடைத்த பணத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உயர் நீதிமன்றத்துக்குப் போனால் கோப்பைப் பார்க்க அட்டர்னி ஒருவர், நின்று வாதாட அட்வகேட் இன்னொருவர் என்று இரண்டு பேருக்குக் கட்டணம் கட்டுவதும் உண்டு. ஒரு பல்லுக்காக இதில் யார் இறங்குவார்?

ஜப்பானியர்கள் வழக்கை வெறுப்பவர்கள், அது அவர்கள் பண்பாடு என்று ரொம்பக் காலம் பேசினார்கள். ஜான் ஹேலி என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1978-இல் அதை மறுத்தார். வக்கீல்களும் நீதிபதிகளும் குறைவு, வழக்கு முடியக் காலமாகும், அதனால்தான் மக்கள் போவதில்லை என்பது அவர் வாதம். பத்து வருஷம் கோப்பு அடுக்கிய அனுபவத்தில் நானும் அந்தக் கட்சிதான். பாதிக்கு மேல்.

மீதிப் பாதி பெரியப்பா மாதிரி ஆட்கள். "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமா?" என்று கேட்கிறவரிடம் செலவுக் கணக்கு பேசிப் பயனில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்தவர்கள் நாம். உப்பில் கல் இருந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அவரிடம் இது மட்டும் இல்லை, வேறொன்றும் இருக்கிறது என்று எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

1860 நவம்பரில் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த முதல் கப்பலிலிருந்தே நம் ஆட்களுக்குச் சட்டம் என்றால் ஒப்பந்தச் சீட்டு. எஜமானை விட்டுப் போனால் அது ஒப்பந்த மீறல் என்று சிவில் வழக்காக முடியாது, குற்றம், ஜெயில். பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி காந்தியிடம் வந்து நின்ற கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1894-இல் காந்தி டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எஜமான் அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழர்தான் பேச்சை மொழிபெயர்த்தார். காந்தி டாக்டர் சான்றிதழ் வாங்கினார், மாஜிஸ்திரேட்டிடம் கூட்டிப் போனார். ஆனால் எஜமானுக்குத் தண்டனை வாங்கித் தர அவர் முயலவில்லை. அந்த ஆளிடமிருந்து விடுவித்து வேறொரு எஜமானிடம் ஒப்பந்தத்தை மாற்றித் தந்தார். உடைந்த பல்லுக்கு நம்மவர் இந்த ஊரில் வக்கீலைப் பார்த்தது அன்றைக்கே நடந்திருக்கிறது என்று நான் சொன்னபோது பெரியப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் அவர் தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு டர்பனின் கேட்டோ மேனரில் வீடு, கொல்லையில் மாமரம், கறிவேப்பிலை. எந்த இனத்தார் எந்த இடத்தில் வாழலாம் என்று பிரித்து 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தின்படி அந்த இடம் வெள்ளையர் பகுதி ஆயிற்று. பெரியப்பாவுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். பழுப்பு உறையில் ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இவர்தான் படித்துக் காட்டினாராம். அதற்கப்புறம் சாட்ஸ்வொர்த். "வக்கீல் கடுதாசின்னா எனக்கு அந்த உறைதான் ஞாபகம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மேலே எதுவும் கேட்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோர்ட்டு வாசலை மிதிக்க மாட்டோம் என்கிற இதே ஜனம், பிள்ளைகளை வக்கீலாக்கத் தாலியையும் அடகு வைக்கும். நவி பிள்ளையைப் பாருங்கள். டர்பனின் கிளேர்வுட்டில் ஒரு தமிழ் பஸ் டிரைவரின் மகள். அங்கிருந்த இந்தியச் சமூகமே நன்கொடை திரட்டிப் படிக்க வைத்தது. 1967-இல், டர்பன் இருக்கும் நடால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் அலுவலகம் திறந்தார். வெள்ளையரல்லாத பெண்ணொருவர் அங்கே அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை. பிற்பாடு நீதிபதி, ருவாண்டா இனப்படுகொலைக்கான தீர்ப்பாயத்தில் பதவி, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். பெரியப்பா அவரைப் பற்றி நம் வீட்டுப் பெண் மாதிரிப் பேசுவார். கார் இடித்துக் கால் உடைந்தால் சாலை விபத்து நிதியில் பணம் கேட்கவும் அவருக்குக் கூச்சம் கிடையாது. பெட்ரோல் போடும்போதெல்லாம் அதற்கென்று ஒரு பங்கு நம்மிடமிருந்து போகிறது, அந்த நிதிக்கு முகமில்லை, கல்யாண வீட்டில் எதிரே வந்து நிற்காது.

எதிராளிக்கு முகம் இருக்கிறதா இல்லையா என்பது அமெரிக்காவிலும் பெரிய விஷயம்தான். கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பெண் தன் சொந்தக்காரச் சிறுவன் மீதே போட்ட வழக்கு 2015-இல் விசாரணைக்கு வந்தது. பிறந்தநாள் அன்று எட்டு வயதுப் பையன் ஓடி வந்து கட்டிக்கொண்டதில் அவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. விருந்துகளில் தின்பண்டத் தட்டைப் பிடிக்க முடியவில்லை என்று சாட்சிக் கூண்டில் சொன்னதை வைத்து ஊரே கரித்துக் கொட்டியது. உண்மையில் அவர் கேட்டது அந்த வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தை. அந்த மாநிலச் சட்டப்படி காப்பீட்டு நிறுவனத்தின் பெயரைப் போட முடியாது, ஆளின் பெயரைத்தான் போட வேண்டும். ஜூரி அரை மணிக்குள் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, உறவுக்குள் கேஸ் என்றால் அமெரிக்கர்களும் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான் காயம் என்றால்? இதில் நமக்கு நேரடி அக்கறை உண்டு, ஏனென்றால் மாட்டுக்கறி. மெக்டொனால்ட்ஸ் 1990-இல் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் காய்கறி எண்ணெய்க்கு மாறிவிட்டதாக அறிவித்தது. அமெரிக்காவில் அதில் மாட்டுக்கறிச் சத்து ருசிக்காகச் சேர்க்கப்பட்டது 2001-இல் தெரியவந்ததும், சியாட்டிலைச் சேர்ந்த ஹரீஷ் பார்த்தி என்ற வக்கீல் சைவர்கள் சார்பில் வழக்குத் தொடுத்தார். அடுத்த வருஷம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, சைவ உணவு அமைப்புகளுக்கும் இந்து அமைப்புகள் உள்ளிட்ட பிறவற்றுக்குமாக ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2001-இல் செய்தி வெளியான சமயத்தில் மும்பைப் பக்கம் ஒரு கிளையைக் கும்பல் அடித்து நொறுக்கியது. இந்தியாவில் விற்ற வறுவலில் மாட்டுக்கறிச் சத்து இல்லை என்று நிறுவனம் சொல்லிப் பார்த்தது. வழக்குப் போடுகிறவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கோர்ட்டுக்குப் போனவர் கல்லை எடுக்கவில்லை.

இங்கே? 2013-இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் வாங்கிய 139 இறைச்சி மாதிரிகளைச் சோதித்தார்கள். 95-இல் லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று இருந்தது, கழுதையும் எருமையும்கூட. நாடே பேசியது. நம் நுகர்வோர் சட்டம் தவறான லேபிளைத் தடை செய்கிறது. ஆனால் இழப்பீடு என்று வரும்போது அது சொல்லும் கணக்கு சாவு, காயம், நோய், சொத்துச் சேதம், அவற்றால் வரும் பண நஷ்டம். ஆடிமாத விரதத்தில் தெரியாமல் மாட்டுக்கறி தின்றுவிட்டேனே என்று ஒருவர் மறுகுவதற்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை.

தனியாகப் போகக் கூசுகிறவர்கள் கூட்டமாகப் போவார்கள் என்பதையும் இங்கே பார்த்தாகிவிட்டது. 2017, 2018-இல் பரவிய லிஸ்டீரியா நோயில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 200-க்கு மேல் இறந்தார்கள். 2018 மார்ச்சில் காரணம் தெரிந்தது: போலோனி. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரொட்டிக்குள் வைக்கிற மலிவான இறைச்சி. டர்பனில் போலோனி தின்னாத வீடு கொஞ்சம்தான். அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் குப்பைத் தொட்டிகள் நிறைந்தன. அந்த வருஷ டிசம்பரில் பாதிக்கப்பட்ட எல்லாருக்குமாகக் கூட்டு வழக்கு நடத்த ஜோஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. இந்த நாட்டில் கூட்டு வழக்குக்கு எப்போது அனுமதி தரலாம் என்று தெளிவாக வகுத்த 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சாப்பாட்டு விஷயம்தான். பெரிய ரொட்டி நிறுவனங்கள் கூடிப் பேசி விலை வைத்ததை எதிர்த்த வழக்கு அது. பன்னி சௌவின் அடிப்பக்கம்.

பெரியப்பா கதைக்கு வருகிறேன். உடைந்த பல்லின் மேல் 'கிரவுன்' என்ற உறை மாட்டப் பல் மருத்துவர் 9,400 ரேண்ட் கேட்டார். சிறு உரிமைகோரல் நீதிமன்றம் என்று ஒன்று இங்கே மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலேயே நடக்கிறது. 20,000 ரேண்ட் வரை கேட்கலாம். அதில் வக்கீலுக்கே அனுமதி கிடையாது, யார் பக்கமும். நிறுவனம் அங்கே வழக்குப் போட முடியாது. நிறுவனத்தின் மீது நாம் போடலாம். ஆணையராக உட்காருகிறவர் சம்பளமில்லாமல் வந்து கேட்கும் சட்டம் படித்தவர். பல ஊர்களில் வேலை முடிந்த பின் சாயங்காலத்தில் நடக்கும். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. அதற்கெல்லாம் முன்னால் எதிராளிக்கு ஒரு கடிதம் கொடுத்து 14 நாள் அவகாசம் தர வேண்டும். இந்த விவரங்களைச் சொன்னதும் பெரியப்பா, "வக்கீல் இல்லாத கோர்ட்டா?" என்று முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கடிதத்தை நான் எழுதினேன். அரைப் பக்கம். தேதி, மண்டபம், கல், பல், பில் நகல், 14 நாள். பெண் வீட்டுப் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொண்டேன். அப்படியும் கையெழுத்துப் போட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பழுப்பு உறை வேண்டாம், வெள்ளை உறை வாங்கி வா என்றார்.

ஒன்பதாம் நாள் கேட்டரிங்காரர் நேரிலேயே வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும்; பார்த்தால் பெரியப்பாவின் கடைசித் தம்பி மகனோடு பள்ளியில் படித்தவர். "அங்கிள், ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பேனே" என்று குறைபட்டுக்கொண்டார். அதுவும் நியாயம்தான். பணத்தை மூன்று தவணையாகத் தருவதாகச் சொன்னார், முதல் தவணையைக் கையோடு வைத்தார். கிளம்பும்போது வண்டியிலிருந்து மூடி போட்ட ஒரு பக்கெட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தார். மட்டன் பிரெயாணி, இன்னும் ஆவி பறந்தது.

பெரியம்மா எல்லாருக்கும் பரிமாறினார். பெரியப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தட்டின் ஓரத்தில் மசூரை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.